அறையைத் திறக்கச் சொன்னவர்

காவல் நிலையத்துக்கு நேர் எதிரே கடை வைத்திருப்பதால் சலூன்காரரைத் தைரியசாலி என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர் அந்தக் கடையை வாடகைக்கு எடுத்தபோது எதிரே மரக்கடைதான் இருந்தது. பிறகு அதை இடித்துவிட்டுக் காவல் நிலையம் கட்டினார்கள். வேறு தெருவுக்குப் போய்விடலாம் என்று அப்போதே நினைத்தார். ஆனால் கடையைக் காலி செய்கிறேன் என்று கட்டடத்துச் சொந்தக்காரரிடம் போய்ச் சொல்லப் பயமாக இருந்தது. அப்படியே இருந்துவிட்டார்.

நாய்க்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், பல் டாக்டருக்குப் பயம். யாராவது குரலை உயர்த்தினால், அது அவரை நோக்கி இல்லாவிட்டாலும், உள்ளங்கை வியர்த்துவிடும். அவர் மனைவிக்குத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. "ஊருக்கெல்லாம் பதிவுத் தபால் பிரிச்சு அனுப்புறேன். எங்க வீட்டுக்கு ஒண்ணு வந்தா மட்டும் இந்த மனுஷன் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவாரு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அப்படி ஒரு பதிவுத் தபால் உண்மையிலேயே வந்தது.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு நகரத்தில், காவலில் இருந்த ஓர் இளைஞன் செத்துப்போயிருந்தான். எப்படிச் செத்தான் என்று சொல்ல அந்தச் சுவர்களுக்குள் காவலர்களைத் தவிர வேறு ஆள் இல்லை. நாடே கொதித்தது. அதன் பிறகு ஒரு சட்டம் வந்தது. பிடிக்கிற அதிகாரம் காவல்துறைக்கு. பிடித்தவரை ஒரு நாளுக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். வைப்பதா விடுவதா என்பதை நீதிபதி சொல்ல வேண்டும். இதெல்லாம் முன்பே இருந்ததுதான். புதிதாகச் சேர்ந்தது பார்வையாளர்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் பொதுமக்களில் இருவரைக் குலுக்கலில் எடுப்பார்கள். அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எந்தக் கதவையும் திறக்கச் சொல்லலாம், உள்ளே இருப்பவரிடம் தனியாகப் பேசலாம், கண்டதை நேராக நீதிபதியிடம் சொல்லலாம். அதோடு சரி. யாரையும் விடுவிக்கவும் முடியாது, தண்டிக்கவும் முடியாது.

இந்த ஊர்க் குலுக்கலில் முதலில் வந்த பெயர் சலூன்காரருடையது.

மறுநாளே கடையைச் சாத்திவிட்டு நகரசபை அலுவலகத்துக்கு ஓடினார். குமாஸ்தா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"முடியாதுன்னா காரணம் சொல்லணும். படுத்த படுக்கையா இருக்கணும், இல்ல வெளியூர் போயிருக்கணும்."

"பயமா இருக்குதுங்க."

"பயத்துக்கு விலக்கு இல்லீங்களே. அதுக்கெல்லாம் விலக்கு கொடுத்தா இந்த ஊர்ல ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க. நானே இந்த நாற்காலியில உட்கார மாட்டேன்."

பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் ஒரு பெண் நீதிபதி. ஜலதோஷம் பிடித்துக் குரல் கம்மியிருந்தது. கைக்குட்டையை மடித்து மேசையில் வைத்துவிட்டு, சுருக்கமாகத்தான் பேசினார். "பிடிக்கிறது அவங்க. முடிவு பண்றது நான். ரெண்டு பேரும் தப்புப் பண்ணலாம். அதனால நீங்க பார்க்குறீங்க. நீங்களும் தப்புப் பண்ணலாம்; அதனால உங்க கையில சாவி கிடையாது. புரியுதா?"

"புரியுதுங்கம்மா" என்றார் சலூன்காரர். புரிந்ததெல்லாம், இனிமேல் மூன்று பக்கமும் பயப்பட வேண்டும் என்பதுதான்.

அவரோடு சேர்ந்து வந்த இன்னொரு பார்வையாளர், சந்தைக்குப் பக்கத்தில் மருந்துக் கடை நடத்துகிற பெண். நறுக்கென்று பேசுவாள். முதல் சில தடவை இருவருமாகப் போனபோது, லாக்கப்பில் இருப்பவர்களிடம் சாப்பாடு வந்ததா, தண்ணீர் இருக்கிறதா, அடித்தார்களா என்று அவள்தான் கேட்டாள். சலூன்காரர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. இன்ஸ்பெக்டர் இருவருக்கும் டீ வரவழைத்தார்.

இன்ஸ்பெக்டர் பழக்கமானவர்தான். வாரம் தவறாமல் கடைக்கு வந்து முகச்சவரம் செய்துகொள்வார். "மாஸ்டர்" என்று மரியாதையாகக் கூப்பிடுவார். சலூன்காரர் மனைவிக்கு ஒருமுறை குடல்வால் வெடிக்கிற நிலைக்குப் போனபோது, தன் ஜீப்பிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவரும் அவரே. அந்த நன்றி சலூன்காரர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. நன்றியும் பயமும் ஒரே ஆள் மேல் இருந்தால் வாய் திறப்பது ரொம்பக் கஷ்டம்.

அப்படியிருக்கும்போதுதான் சந்தை எரிந்தது.

ஒரு வரிசைக் கடைகள் முழுக்கப் போயின. உள்ளே படுத்திருந்த வயதான காவலாளி வெளியே வர முடியாமல் இறந்துபோனார். யாரோ வைத்த தீ என்று ஊர் முடிவுகட்டியது. யார் என்பதையும் ஊரே சொன்னது. சந்தையில் மூட்டை தூக்குகிற ஒருவனைக் கடைக்காரர் ஒருவர் எல்லோர் முன்னாலும் அறைந்திருக்கிறார். அவன் அழுதுகொண்டே "எல்லாத்தையும் கொளுத்திடுவேன்" என்று கத்தியிருக்கிறான். இது நடந்தது தீ விபத்துக்கு முந்தின வாரம். நகரசபைத் தலைவர் காவல் நிலையத்துக்கு நேரில் வந்து போனார். கடைக்காரர் சங்கம் தினமும் வந்து வாசலில் நின்றது.

சலூனில் பேச்செல்லாம் அதுவாகவே இருந்தது. "கையில கிடைச்சான்னா உரிச்சிடணும்" என்றார் முடி வெட்டிக்கொண்டிருந்த ஒருவர். சலூன்காரர் எப்போதும்போல "தலையைக் கொஞ்சம் குனிங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரு நாள் மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம், வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஆண்கள் மட்டும் நுழைகிற இடம் என்பதால் படியேறாமல் வெயிலிலேயே நின்றாள்.

"அண்ணே, பார்வையாளர் நீங்கதானே?"

அவர் கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தார். "ஆமாம்மா. என்ன?"

"மூட்டை தூக்குறாரே, அவரு சம்சாரம் நான். திங்கட்கிழமை வந்து கூட்டிட்டுப் போனாங்க. இன்னைக்கு வியாழக்கிழமை. ஸ்டேஷன்ல கேட்டா அப்படி யாருமே இங்க வரலைங்கிறாங்க. கோர்ட்டுல கேட்டா அங்கயும் வரலையாம். மனுஷன் காத்துல கரைஞ்சா போயிருப்பாரு?"

"நான் பார்க்குறேம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டு, கண்ணாடி முன்னால் இருந்த நாற்காலியில் அவரே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு மருந்துக் கடைக்கு நடந்தார். அவள் பேசினால் போதும், தான் வழக்கம்போலப் பின்னால் நின்றுகொள்ளலாம் என்பது அவர் கணக்கு. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வெகுநேரம் மருந்து அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னால வர முடியாது, அண்ணே. எரிஞ்சதுல எங்க அண்ணன் கடையும் ஒண்ணு. அவன் இன்னும் சாப்பிட உட்கார மாட்டேங்கிறான். அந்த ஆள் அடிபட்டுக் கிடந்தா, எனக்குப் பாவம்னு தோணுமா, நல்லா வேணும்னு தோணுமான்னு எனக்கே தெரியல. அப்படிப்பட்டவ பார்க்கப் போகக்கூடாது. அது சரியில்ல."

"அப்ப நான் மட்டுமா?"

"அவசரம்னா ஒருத்தரே போகலாம்னு சட்டத்துல இருக்கு. நீங்க போய்த்தான் ஆகணும்." அட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, "நான் வரலைங்கிறதையும், ஏன் வரலைங்கிறதையும் நீதிபதிகிட்ட மறைக்காமச் சொல்லிடுங்க" என்றாள்.

மருந்துக் கடையிலிருந்து காவல் நிலையம் பெரிய தூரமில்லை. ஆனால் சலூன்காரர் சுற்றுவழியில் போனார். தன் கடை வாசலில் நின்று எதிரே பார்த்தார். நாளைக்குப் போகலாம் என்று ஒரு மனம் சொன்னது. வெயிலில் நின்ற அந்தப் பெண்ணின் முகம் வந்தது. சாலையைக் கடந்தார். நடுவில் ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். பாதிச் சாலையில் தான் நின்றுவிட்டது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

வாசலில் இருந்த கான்ஸ்டபிள் எழுந்தார். இவரும் வாடிக்கையாளர்தான், மீசையை ஒதுக்கிவிடுவது சலூன்காரர்.

"வாங்கண்ணே. ஐயா சாப்பிடப் போயிருக்காரு. ஒத்தையா வந்திருக்கீங்க?"

"சும்மா... பார்த்துட்டுப் போலாம்னு."

லாக்கப்பைத் திறந்து காட்டினார் கான்ஸ்டபிள். காலியாக இருந்தது. கழுவிவிட்ட தரை இன்னும் ஈரமாக இருந்தது.

"யாரும் இல்லண்ணே. ரெண்டு நாளா காத்து வாங்குது."

சலூன்காரருக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. பார்த்தாயிற்று, ஆள் இல்லை, கடமை முடிந்தது. இனி அந்தப் பெண்ணிடம் இல்லை என்று சொல்லிவிடலாம். திரும்பி நடந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததால், "கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன்" என்றார். தண்ணீர் டிரம் பின்பக்கத்து நடையில் இருந்தது. அங்கே போய் டம்ளரைப் பிடித்தபோதுதான் அதைப் பார்த்தார்.

நடையின் கோடியில் ஒரு மரக்கதவு. வெளியே பூட்டு. கதவுக்குப் பக்கத்தில், சுவரோரமாக, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. ஒரு வார் அறுந்து அதற்குப் பதிலாகச் சணல் கயிறு கட்டியிருந்தது. சாக்கு மூட்டை தைக்கிற சணல்.

டம்ளரில் தண்ணீர் நிறைந்து அவர் கைமேல் வழிந்தது.

"அது என்ன ரூம், தம்பி?"

"ஸ்டோர் ரூம்ணே. பழைய டயரு, தடுப்புக் கம்பி, அந்த மாதிரி."

"திறங்களேன்."

"சாவி ஐயாகிட்ட இருக்கு."

இதுவும் ஒரு வழிதான். சாவி இல்லை என்றார்கள், நான் என்ன செய்ய. போய்விடலாம். சலூன்காரர் போகவில்லை. தைரியத்தினால் அல்ல என்று பிற்பாடு அவரே சொன்னார். "முட்டி ரெண்டும் ஆடிக்கிட்டு இருந்துச்சு. நடந்தா விழுந்திருப்பேன்." நடையிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஐயா வர்ற வரைக்கும் இருக்கேன்."

கான்ஸ்டபிள் அவரைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாகப் பழக்கம் இல்லை.

இன்ஸ்பெக்டர் பல்லில் குச்சியோடு உள்ளே வந்தார். பெஞ்சில் இருந்தவரைப் பார்த்ததும் குச்சியை எடுத்துத் தூர எறிந்தார்.

"என்ன மாஸ்டர், தண்ணி குடிக்க இவ்வளவு தூரமா?"

"அந்த ரூமைத் திறக்கணும்ங்க."

"அதுல ஒண்ணுமில்ல."

"இல்லாததைப் பார்த்துட்டுப் போயிடுறேன், சார்."

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெதுவாகவே பேசினார், அதுதான் அதிகப் பயமாக இருந்தது. "மாஸ்டர், உங்களுக்கு ஊர் நிலவரம் தெரியும். இவனை நான் கோர்ட்டுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனா வழியிலேயே அடிச்சுக் கொன்னுடுவாங்க. இங்க வெச்சிருக்கிறதே இவனைக் காப்பாத்தத்தான். ரெண்டு நாள்ல ஒத்துக்குவான், கேஸ் முடிஞ்சிடும், ஊரும் அடங்கிடும். உங்க வீட்டம்மாவை ஜீப்புல கூட்டிட்டுப் போனப்ப நான் சட்டம் பார்த்தேனா? அது அரசாங்க ஜீப்பு."

அவர் சொன்னதில் ஒவ்வொன்றும் சலூன்காரருக்கு உண்மை மாதிரி இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே, "திறங்க சார்" என்று மட்டும் மறுபடியும் சொன்னார்.

மறுத்தால் சட்டப்படி அதுவே குற்றம். இன்ஸ்பெக்டருக்கு அது தெரியும். சாவியை எடுத்தார்.

உள்ளே டயர்கள் இருந்தன. டயர்களுக்கு நடுவே அவன் சாய்ந்து கிடந்தான். பாதங்கள் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. அந்தச் செருப்புக்குள் இனிமேல் நுழையாது. ஒரு கண் மூடியே இருந்தது. வெளிச்சம் பட்டதும் கையைத் தூக்கித் தலையை மறைத்துக்கொண்டான்.

"சார், கொஞ்சம் வெளியில இருங்க. தனியாப் பேசணும்" என்று சலூன்காரர் சொன்னார். இன்ஸ்பெக்டர் ஒரு கணம் நின்றார். பிறகு வெளியே போனார். தான் சொல்லி அந்த மனிதர் போகிறார் என்பதே சலூன்காரருக்குத் திகிலாக இருந்தது.

"நான் பார்வையாளர். உங்க சம்சாரம் வந்து சொன்னாங்க. உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

அவன் தலையை ஆட்டினான். இல்லை.

"அடிச்சாங்களா?"

அவன் தலையை மறைத்த கையைக் கொஞ்சம் இறக்கினான். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டான்: "நீங்க போயிடுவீங்கள்ல?"

அதுதான் விஷயம். இவர் போய்விடுவார். இதைப் பார்த்துவிட்டு, இதே ஆட்களிடம் இதே அறையில் இவனை விட்டுவிட்டுப் போக வேண்டும். கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று தோன்றியது. வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர் அதைப் படித்தவர்போலச் சொன்னார்: "கூட்டிட்டுப் போறீங்களா? உங்களுக்கு அந்த அதிகாரம் இருக்கா?"

இல்லை. "கோர்ட்டுக்குத்தான் போறேன். வந்துடுறேன்" என்றார் சலூன்காரர், யாருக்குச் சொல்கிறோம் என்று தெரியாமலே.

ஓடினார். ஓடி வெகுகாலம் ஆன உடம்பு. ஒவ்வொரு மூச்சுக்கும், இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்கள், ஆளை வேறெங்காவது மாற்றிவிடுவார்களோ, அவன் செத்துவிட்டால் நான் பார்த்ததுதான் காரணமாகிவிடுமோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

நீதிமன்றத்தில் ஏதோ எல்லைத் தகராறு விசாரணை நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற சேவகர் கையை நீட்டி மறித்தார். "முடியட்டும், உட்காருங்க." சலூன்காரர் உட்கார்ந்தார். வாழ்க்கை முழுக்க, உட்காருங்கள் என்றால் உட்கார்ந்து பழகியவர். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தார். சேவகரின் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போய், நட்டநடுவில் நின்று, "அம்மா, பார்வையாளர்" என்றார்.

வக்கீல்கள் இருவரும் திரும்பினார்கள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்க."

சொன்னார். கோர்வையாக இல்லை. செருப்பு, சணல், டயர், கால் என்று முன்பின்னாக வந்தது. மருந்துக் கடைக்காரி வராததையும் ஏன் என்பதையும் சொன்னார்.

"நீங்க பார்த்தீங்களா, யாராவது சொன்னாங்களா?"

"பார்த்தேன்ம்மா."

"அவர் தீ வெச்சாரா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"சரி. அது இப்ப கேள்வியும் இல்ல." கோர்ட் கலைவதற்குள் அந்த ஆளைத் தன் முன் நிறுத்த வேண்டும், ஒரு மருத்துவரும் வர வேண்டும் என்று அங்கேயே உத்தரவு எழுதி, அதை உடனே கொண்டுபோகச் சொல்லி சேவகரிடம் கொடுத்தார்.

"அதுவரைக்கும் நான் அங்க போய் இருக்கட்டுங்களா?"

"இருக்கலாம். உங்களை யாரும் வெளிய அனுப்ப முடியாது." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "பயமா இருக்கா?"

"ரொம்பங்க."

"எனக்கும்தான். சந்தைக்காரங்க கைல அடங்காத கூட்டம்" என்றார் நீதிபதி.

அது உண்மையாகவே இருந்தது. சலூன்காரர் திரும்பி வந்தபோது விஷயம் எப்படியோ கசிந்து, நிலையத்து வாசலில் சந்தைக்காரர்கள் திரண்டிருந்தார்கள். அதில் பாதிப்பேருக்கு அவர் முடி வெட்டியிருக்கிறார். அவரைக் கண்டதும் ஒரு வழி விட்டார்கள், தீட்டுப்பட்டவரை விலக்குவதுபோல.

"யோவ், கொலைகாரனுக்கு வக்காலத்தா?" என்றது ஒரு குரல். "உன் கடை எரிஞ்சிருந்தா தெரியும்" என்றது இன்னொன்று. அது மருந்துக் கடைக்காரியின் அண்ணன். அவன் கண்கள் அழுது சிவந்திருந்தன. அதைப் பார்க்கப் பார்க்க, அவன் மேல் கோபப்படவும் சலூன்காரரால் முடியவில்லை.

உள்ளே போய் ஸ்டோர் ரூம் வாசலில், தரையில் உட்கார்ந்தார். கதவு இப்போது திறந்தே இருந்தது. உள்ளே இருந்தவன் ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தான். "வந்துட்டீங்க" என்றான். வெளியே கூச்சல் கூடிக்கொண்டே வந்தது. ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. கான்ஸ்டபிளின் முகம் வெளுத்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் கையில் உத்தரவோடு நின்றிருந்தார். வெளியே பார்த்தார், உள்ளே பார்த்தார். உத்தரவை மீறினால் அவர் தொப்பி போகும். நிறைவேற்றினால் இந்தக் கூட்டத்துக்குள் நடக்க வேண்டும். அவருடைய தாடையில் காலையில் சலூன்காரர் மழித்த இடத்தில் ஒரு நரம்பு துடித்தது.

"ஜீப்பை வாசலுக்குக் கொண்டு வா" என்றார் கான்ஸ்டபிளிடம். பிறகு கலவரத் தலைக்கவசம் ஒன்றை எடுத்தார். ஒன்றுதான் இருந்தது, மற்றவை தலைமையகத்துக்குப் போயிருந்தன. அதைத் தான் போட்டுக்கொள்ளவில்லை. குனிந்து, மூட்டைக்காரன் தலையில் மாட்டி, வாரை இறுக்கினார். "தலையைத் தூக்காதே" என்றார்.

இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒரு பக்கம் கான்ஸ்டபிள், இன்னொரு பக்கம் சலூன்காரர். முன்னால் இன்ஸ்பெக்டர், வெறுந்தலையோடு. வாசலுக்கும் ஜீப்புக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன இடத்தைப் பற்றிச் சலூன்காரருக்கு ஞாபகம் இருப்பது கொஞ்சம்தான். யாரோ அவர் சட்டையைப் பிடித்துக் கிழித்தார்கள். இன்ஸ்பெக்டர் "கோர்ட் உத்தரவு, வழி விடுங்க" என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கல் வந்து அவர் காதோரம் பட்டது. ரத்தம் காலருக்குள் இறங்கியது. அவர் கையை ஓங்கவில்லை.

நீதிபதி அவன் பாதங்களைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். காவலுக்கு வேறு நிலையத்து ஆட்களைப் போடச் சொன்னார். தீ வழக்கைத் தனியாகவும், அடித்த வழக்கைத் தனியாகவும் விசாரிக்க உத்தரவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த கணவனின் கிழிந்த சட்டையைப் பார்த்து அவர் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. தபால் நிலையத்துக்கு முன்பே செய்தி வந்திருந்தது. ஊசி நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உன்னை ஜீப்புல கூட்டிட்டுப் போனவரு" என்றார் அவர்.

"தெரியும். அதுக்காக நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அவருக்கு நன்றி சொல்லுவேன். அது வேற" என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே. "நாளைக்குக் கடையைத் திறப்பீங்களா?"

"பயமா இருக்கு."

"தெரியும்னுதான் கேட்டேன். நான் லீவு போட்டுட்டு வந்து உட்காரட்டுமா?"

அவள் வந்து உட்கார்ந்தாள், சலூனில், பத்திரிகை படித்துக்கொண்டு. அது ஒரு வகையில் நல்லதாயிற்று. வேறு யாரும் வரவில்லை. ஒரு வாரம், பத்து நாள் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. ஒரு காலையில் பெரிய கண்ணாடி உடைந்து கிடந்தது. யார் என்று யாரும் பார்க்கவில்லை.

முதலில் வந்த வாடிக்கையாளர் இன்ஸ்பெக்டர். சீருடை இல்லை, பணியிடை நீக்கத்தில் இருந்தார். காதுக்குப் பக்கத்தில் பிளாஸ்திரி. வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைப் பின்னால் சாய்த்தார். சலூன்காரர் நுரை தடவினார். பிளேடை எடுத்தபோது கை அப்படி ஆடியது.

இன்ஸ்பெக்டர் கண்ணைத் திறந்தார். "கழுத்து என்னுது. கத்தி உங்க கைல. நடுங்குறது நீங்களா, மாஸ்டர்?"

"பழக்கம் சார்."

"விசாரணைக்கு உங்களைக் கூப்பிடுவாங்க. என்ன சொல்லப் போறீங்க?"

சலூன்காரர் கையைத் தாழ்த்திக்கொண்டார். ஆடுகிற கையால் ஒருவர் கழுத்தைத் தொடக்கூடாது என்பது தொழில் தர்மம். "பார்த்ததைச் சொல்லுவேன் சார். ரூமைச் சொல்லுவேன், காலைச் சொல்லுவேன். தலைக்கவசத்தையும் சொல்லுவேன். கல்லு பட்டும் நீங்க கையை ஓங்கலைங்கிறதையும்."

இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முதல்ல சொன்னது போதும், என் கதை முடிஞ்சது" என்றார். கண்ணை மூடிக்கொண்டு, "சவரத்தை முடிங்க" என்றார். முடித்தார். ஒரு கீறல் விழவில்லை.

விசாரணையில் சலூன்காரர் இரண்டையும் சொன்னார். இன்ஸ்பெக்டரைப் பதவியிறக்கி வேறு ஊருக்கு அனுப்பினார்கள். அடித்த காவலர்கள் இருவருக்குச் சிறை. தீ வழக்கில் சாட்சி போதவில்லை என்று மூட்டைக்காரன் விடுதலையானான். தீ எப்படிப் பிடித்தது என்பது இன்றுவரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. சந்தையில் பாதிப்பேர் அவன்தான் என்கிறார்கள். அவன் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டான். சலூன்காரரிடம் சொல்லிக்கொள்ள வரவில்லை. வருவான் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. மருந்துக் கடைக்காரி அடுத்த மாதத்திலிருந்து அவரோடு மறுபடியும் வந்தாள். அவள் அண்ணன் மட்டும் இன்னும் வேறு தெருவில்தான் முடி வெட்டிக்கொள்கிறான்.

பதவிக்காலம் முடிகிறவரை சலூன்காரர் போய்க்கொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு தடவையும் சாலையைக் கடக்குமுன் ஒருமுறை கழிப்பறைக்குப் போய்விட்டு வருவார். பயம் ஒரு துளி குறையவில்லை. ஒருவரே மறுபடியும் பார்வையாளராகக் கூடாது என்று சட்டம் சொல்லியிருந்தது. அந்த வரியை எழுதியவர் நன்றாக இருக்கட்டும் என்று அவர் மனமார வாழ்த்தினார். பொறுப்பை ஒப்படைத்த அன்று மத்தியானமே படுத்துத் தூங்கினார்.

பிறகு சில வாரம் கழித்து, ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தபோது எதிரே ஒரு வண்டி வந்து நின்றது. ஓர் இளைஞனைச் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். அவன் எதையோ கத்திக்கொண்டே போனான். கதவு சாத்தப்பட்டது.

சலூன்காரர் கத்திரிக்கோலோடு வாசலுக்கு வந்தார். இது தன் வேலை இல்லை; இப்போது அவர் கதவைத் தட்டினால் போகச் சொல்லிவிடலாம். இதுவரை அறியாத ஒரு பயம் அவரைப் பிடித்தது. புதிதாகக் குலுக்கலில் வந்தவர்கள் யாரென்றே அவருக்குத் தெரியாது. போவார்களா? அவர்களுக்கு யாராவது சொல்வார்களா? பயந்து வீட்டில் இருந்துவிட்டால்?

"அண்ணே, பாதித் தலையோட விட்டுட்டீங்க" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

"ஒரு நிமிஷம்."

அந்த மதியம் முழுக்க அவர் வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்தார். வெயில் சாய்கிற நேரத்தில் பஸ் கண்டக்டர் சீருடையில் ஒரு பெண்ணும், சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒருவரும் சாலையின் அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். நுழைவாயிலைப் பார்த்தபடி ஏதோ பேசிக்கொண்டார்கள். அந்தப் பெண் தன் டிக்கெட் பையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள். சைக்கிள் கடைக்காரர் அவளுக்குப் பின்னால் ஒதுங்கினார். அவள் திரும்பி அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் முன்னால் வந்தார். இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

சலூன்காரர் கடைக்குள் திரும்பி, அடுத்து உட்கார்ந்திருந்தவரின் கழுத்தில் துணியைக் கட்டினார்.